கில்ட் வாங்குமுன் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

சென்ற கோடையில், திருமணத்துக்கு மூன்றே நாள் இருக்கும்போது ஒரு மாப்பிள்ளை என் தையலறைக்கு ஓடி வந்தார். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் தெரு ஒன்றில் 45 பவுண்டுக்கு வாங்கிய கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும், பின்னால் கொசுவம் வைத்த உடை) அவர் கையில் இருந்தது. ஒருமுறை உட்கார்ந்து எழுந்ததிலேயே பின்பக்கக் கொசுவங்கள் கலைந்துவிட்டன, சரிசெய்து தர முடியுமா என்று கேட்டார். புரட்டிப் பார்த்தேன். கொசுவங்களைத் தைக்கவே இல்லை; இஸ்திரி போட்டு நிறுத்தியிருந்தார்கள். துணியோ அக்ரிலிக்; நல்ல சூட்டில் தேய்த்தால் பளபளத்துப் பாழாகிவிடும். வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புவதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கைத்தையல் கில்ட் 500, 600 பவுண்டு என்றதும் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அந்தப் பணம் பெரும்பாலும் இருப்பது முதுகுப்புறத்தில்தான். முழுமையான கில்ட்டுக்கு 8 கஜம் கம்பளித் துணி வேண்டும். டார்ட்டன் எனப்படும், கில்ட் துணியில் பல நிறக் கோடுகள் குறுக்கிட்டு உண்டாகும் கட்டம் ஒருமுறை முழுதாக வந்து மீண்டும் தொடங்க ஏறக்குறைய 6, 7 அங்குலம் ஆகும். அந்த முழுக் கட்டமும் ஒரே கொசுவத்துக்குள் போய்விடும். வெளியே தெரிவது ஓர் அங்குலம்கூட இராது. இப்படி இருபத்தைந்துக்கு மேற்பட்ட கொசுவங்கள். எல்லாவற்றையும் மடித்து முடித்த பிறகும், பின்னால் நின்று பார்ப்பவருக்குக் கட்டம் குலையாமல் தெரிய வேண்டும். இடுப்பிலிருந்து பிட்டம் வரை ஒவ்வொரு கொசுவத்தையும் சற்றே விரித்துக் கையால் தைக்கிறோம். உள்ளே கான்வாஸ் வைத்து இறுக்குகிறோம். ஒரு கில்ட்டுக்கு எனக்கு 20 மணி நேரத்துக்குக் குறைந்ததே இல்லை. கீழ்விளிம்பை மடித்துத் தைப்பதில்லை, தறியில் நெய்த கரையே விளிம்பு. கடையில் முதலில் அதைப் பாருங்கள். பிறகு கொசுவத்தை விரித்து உள்ளே எவ்வளவு துணி இருக்கிறது என்று பாருங்கள்.

துணியின் எடையையும் கேளுங்கள். கஜத்துக்கு 13 அவுன்ஸ் எடையுள்ள துணி நன்றாக விழும். 16 அவுன்ஸ் காற்றுக்கும் அசையாது, ஆனால் கோடைக்குக் கனம். கம்பளிதானா என்ற ஐயம் இருந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகும் வாசனையோடு எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாகிவிடும்.

'ஸ்காட்லாந்தில் வடிவமைத்தது' என்ற சீட்டைக் கண்டு மயங்காதீர்கள். நெய்தது எங்கே, தைத்தது எங்கே என்று அது சொல்வதில்லை. பாகிஸ்தானின் சியால்கோட்டில் தைத்து வரும் கில்ட்டுகள் ஏராளம். ஊரில் குற்றமில்லை; நூலையும் தையலையும் மறைத்து விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எல்லாருக்கும் 8 கஜம் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பட்டமளிப்புக்கோ நண்பரின் திருமணத்துக்கோ ஒரே ஒரு நாள் உடுத்துபவர், ஏறக்குறைய 100 பவுண்டுக்கு முழு உடையையும் வாடகைக்கு எடுப்பதே நல்லது. இயந்திரத்தில் தைத்த 5 கஜக் கம்பளிக் கில்ட்டும் மோசமில்லை. ஆண்டுக்கு மூன்று முறை உடுத்துபவர் கணக்கு வேறு. 600 பவுண்டு கில்ட் இருபது ஆண்டில் அறுபது முறை இடுப்பேறும். ஒரு தடவைக்கு 10 பவுண்டு.

அளவு கொடுக்கும்போது உங்கள் கால்சட்டை அளவைச் சொல்லாதீர்கள். கில்ட் தொப்புள் மட்டத்தில் நிற்கும், முழங்கால் நடுவில் முடியும்.

இந்த வாரம் என் மேசையில் கிடப்பது 1950களில் தைத்த ஒன்று. தாத்தாவின் இடுப்பு 34 அங்குலம், பேரனுக்கு 36. தோல்வார்களை நகர்த்தித் தைத்தேன், நைந்த உள்துணியை மாற்றினேன். கொசுவத்தில் ஒரு தையலைக்கூடத் தொடவில்லை. சனிக்கிழமை தங்கையின் திருமணத்துக்கு உடுத்திக்கொண்டு போகிறார்.