பீரங்கி முழங்கும்போது குதிரை ஏன் ஓடுவதில்லை?

ஜனவரி 26. தில்லி கர்த்தவ்யா பாதையில் கொடி விரிகிறது, தேசிய கீதம் தொடங்குகிறது. கீதம் முடியும் 52 விநாடிக்குள் பீரங்கிகள் 21 முறை முழங்குகின்றன. தொலைக்காட்சியில் பார்க்கும் நம் கண் கொடியின் மேல்தான் இருக்கும். அடுத்த முறை, மேடைக்கு எதிரே நிற்கும் குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக் குதிரைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒன்றிரண்டு காதைத் திருப்பும், ஒன்று தலையை ஆட்டும். வரிசை மட்டும் கலையாது.

1773-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காசியில் தொடங்கிய படை அது. இன்று குடியரசுத் தலைவருக்குக் குதிரை மேல் துணை வருவது அதன் வேலை. சடங்குதானே என்று தோன்றலாம். ஆனால் குதிரையின் பக்கம் நின்று பார்த்தால், அந்த இடத்தில் அசையாமல் நிற்பது அதன் உடம்பில் எழுதியிருக்கிற எல்லாவற்றுக்கும் எதிரானது. கொம்பில்லாத, மேய்ந்து பிழைக்கிற விலங்கு. சந்தேகம் வந்தால் முதலில் ஓட வேண்டும், என்னவென்று பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பல லட்சம் ஆண்டுகளாகத் தப்பிப் பிழைத்த இனம். ஓய்வில் நிமிடத்துக்கு நாற்பதுக்குள் துடிக்கும் அதன் இதயம், ஓட்டமெடுத்தால் 200-ஐத் தாண்டும்.

அதன் கண்ணும் காதும் ஓட்டத்துக்கே அமைந்தவை. கண்கள் தலையின் இருபக்கமும் இருப்பதால் ஏறத்தாழ 350 டிகிரி வரை பார்வை விரிகிறது. நெற்றிக்கு நேர் முன்னால் ஒரு சிறு பகுதியும் வாலுக்குப் பின்னால் ஒரு பகுதியும்தான் தெரியாது. அகலமாகத் தெரிகிறதே தவிர, நமக்குத் தெரியும் அளவு கூர்மை இல்லை. ஓரத்தில் ஒரு கொடி படபடத்தால் அது கொடியா, பாயும் விலங்கா என்று பிரித்தறிய நேரமாகும். அசைவு மட்டும் உடனே தெரிந்துவிடும். காது இன்னும் சுவாரசியமானது. மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸோடு எல்லை முடிகிறது. குதிரைக்கு 33,000 வரை கேட்கும். ஆனால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கணிப்பதில் அது நம்மைவிட மிகவும் பின்தங்கியது. நாம் ஒரு டிகிரி வித்தியாசத்தைக்கூடக் கண்டுகொள்வோம், குதிரைக்குச் சுமார் 25 டிகிரி வேண்டும். ஆக, பீரங்கி முழக்கம் அதற்கு நன்றாகக் கேட்கிறது, எங்கிருந்து என்பதுதான் சரியாகத் தெரிவதில்லை. எங்கே ஆபத்து என்று தெரியாதபோது, எந்தப் பக்கமாவது ஓடுவதுதான் அதற்குப் புத்திசாலித்தனம்.

இந்த விலங்கிடமிருந்து பயத்தை எடுத்துவிட முடியுமா? முடியாது. பயிற்சியாளர்கள் அதற்கு முயல்வதும் இல்லை. திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு தூக்கிவாரிப்போடுவது மூளைத்தண்டின் வேலை. காதிலிருந்து கிளம்பும் சைகை சில நரம்புச் சந்திப்புகளிலேயே தசைக்குப் போய்விடும். யோசிக்கும் மூளைக்குச் செய்தி சேரும் முன்பே உடம்பு துள்ளியிருக்கும். அதற்கு அடுத்து வருவதுதான் ஓட்டம். துள்ளலுக்கும் ஓட்டத்துக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. பயிற்சி முழுவதும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. துள்ளிக்கொள், ஆனால் நின்ற இடத்திலேயே துள்ளு என்பதுதான் பாடம்.

1981 ஜூன் 13 அன்று லண்டனில் இது உலகறிய நடந்தது. அரசியின் பிறந்தநாள் அணிவகுப்புக்கு இரண்டாம் எலிசபெத் பர்மீஸ் என்ற கறுப்புப் பெட்டைக் குதிரையில் வந்துகொண்டிருந்தார். கூட்டத்திலிருந்து ஒரு இளைஞன் ஆறு வெற்றுத் தோட்டாக்களைச் சுட்டான். பர்மீஸ் மிரண்டது, முன்னால் துள்ளியது, அரசி கடிவாளத்தை இழுத்துக் கழுத்தைத் தட்டிக்கொடுக்க, நிதானத்துக்கு வந்துவிட்டது. கனடாவின் குதிரைப் போலீஸ் பழக்கி 1969-இல் பரிசாகக் கொடுத்த குதிரை அது.

பழக்குவது என்கிறோமே, உள்ளே என்னதான் நடக்கிறது? நரம்பியல் அறிஞர் எரிக் கேண்டல் கடல் நத்தையை வைத்துச் செய்த ஆய்வு இதற்கு அடிப்படை விளக்கம் தந்தது. 2000-இல் நோபல் பரிசும் அவருக்கு வந்தது. நத்தையைத் தொட்டால் செவுளை உள்ளிழுக்கும். கெடுதல் எதுவும் வராமல் திரும்பத் திரும்பத் தொட்டால் இழுப்பது குறைந்துகொண்டே போகும். உணர்வு நரம்பு, தசையை இயக்கும் நரம்புக்கு அனுப்பும் வேதிப்பொருளின் அளவு குறைவதுதான் காரணம். அதே நத்தைக்கு ஒரு வலுவான அதிர்ச்சி கொடுத்தால் நேரெதிர் நடக்கும்: லேசாகத் தொட்டாலே பதறி இழுத்துக்கொள்ளும். குதிரை நத்தையைவிட எவ்வளவோ சிக்கலான விலங்கு. ஆனால் இந்த இரட்டைக் குணம் அதற்கும் அப்படியே பொருந்தும். அளவு தப்பினால் பயிற்சியே பயத்தை வளர்த்துவிடும். இளங்குதிரையை நேராகப் பீரங்கிப் பக்கம் கட்டிவைத்து, தானாகப் பழகிவிடும் என்று விட்டால், பழகாது. பீரங்கி வண்டியைக் கண்டாலே நடுங்கும்.

டென்மார்க்கில் 27 இளம் ஆண் குதிரைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். மிரட்சிக்கு வெள்ளை நைலான் பை. ஒரு குழுவுக்குப் பையை முழு அளவில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். இன்னொரு குழுவுக்குப் பையோடு தீனியும் சேர்த்துத் தந்தார்கள். மூன்றாவது குழுவுக்குப் படிப்படியாக, முதலில் அசையாத பை, பிறகு கொஞ்சம் அசைவு, பிறகு மேலே படுவது என்று கூட்டினார்கள். மூன்றாவது குழுவில் எல்லாக் குதிரைகளும் தேறின, மிரண்டு விலகியதும் அவைதான் குறைவு. மற்ற இரண்டிலும் கடைசிவரை தேறாதவை இருந்தன. தீனி காட்டினால் எந்தக் குதிரையும் வழிக்கு வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய முடிவு இது.

அணிவகுப்புக் குதிரையின் பயிற்சியும் இந்த ஏணியில்தான் ஏறுகிறது. தூரத்தில் ஒரு டிரம், பிறகு பக்கத்தில், பிறகு முழு பேண்டு. சுருட்டிய கொடி, விரித்த கொடி, காற்றில் அடிக்கும் கொடி. வாள் உறையில் உரசும் ஒலி, வெயிலில் மின்னும் மார்புக்கவசம். குதிரை தலையைத் தாழ்த்தி, வாயை மென்று, தளர்ந்தால்தான் அடுத்த படி. இறுகி நின்றால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். இதில் அவசரப்படுகிற பயிற்சியாளர் மாதங்களை மிச்சம் பிடிப்பதில்லை, இழக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது டிரம் குதிரை. பிரிட்டிஷ் அரச குதிரைப்படையின் பேண்டில் முன்னால் போகும் ஷையர், கிளைட்ஸ்டேல் வகைப் பெருங்குதிரைகள் இவை. இரண்டு பக்கமும் வெள்ளி முரசுகள். மேலே இருப்பவரின் இரண்டு கையிலும் முரசுக் கோல். அப்படியானால் கடிவாளம்? அது அவர் பாதத்தில் கட்டியிருக்கிறது. பாதத்தைப் பின்னிழுத்தால் வாயில் இழுப்பு விழும், தளர்த்தினால் விடுபடும். முரசு முழங்குவது குதிரையின் தோளுக்குப் பக்கத்திலேயே, அதிர்வு அதன் விலாவிலேயே. இதில் சத்தத்துக்குப் பழகியதோடு வேலை முடியாது. கையும் கடிவாளமும் சேர்ந்து சொல்லிவந்ததை, காலும் உட்காரும் விதமும் மட்டும் சொன்னாலும் புரிந்துகொள்ள வேண்டும். அழுத்தம் வந்தால் அசை, அசைந்ததும் அழுத்தம் போய்விடும். குதிரைக்குச் சொல்லித்தரும் மொழியின் இலக்கணம் பெரும்பாலும் இவ்வளவே. அழுத்தத்தைச் சரியான நொடியில் விடுவதுதான் கடினம். அரை விநாடி தாமதித்தால் குதிரை வேறெதையோ கற்றுக்கொண்டுவிடும்.

மேலே இருப்பவரின் மனநிலையும் கணக்கில் சேரும். சுவீடனில் ஒரு சோதனை: குதிரையை நடத்திச் செல்பவர்களும் சவாரி செய்பவர்களும் ஒரே பாதையில் நான்கு முறை போக வேண்டும். நான்காவது முறைக்கு முன், பக்கத்தில் ஒருவர் குடையை விரிப்பார் என்று அவர்களிடம் சொன்னார்கள். உண்மையில் யாரும் குடையை விரிக்கவில்லை. ஆனாலும் மனிதர்களின் இதயத் துடிப்பு கூடியது. குதிரைகளின் துடிப்பும் கூடியது. குதிரைக்குக் குடை விஷயம் தெரியாது. கையின் இறுக்கம் தெரிந்திருக்கும். சடங்குப் படைவீரர் முகத்தைக் கல் போல வைத்துக்கொள்வது பார்ப்பவர்களுக்காக என்றுதான் நினைக்கிறோம். முகத்தை எப்படி வைத்தாலும் போகட்டும், கை இறுகாமல் இருந்தால் குதிரைக்குப் போதும்.

வரிசையும் ஒரு மருந்துதான். பயமறியாத கூட்டாளி பக்கத்தில் நின்றால் புதிய குதிரையின் மிரட்சி குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால்தான் புதுக்குதிரையை அனுபவசாலிகளுக்கு நடுவே நிறுத்துகிறார்கள். வண்டிக் குதிரைக்குப் போடும் கண்மறைப்பு இவற்றுக்கு இல்லை, பக்கத்துக் குதிரையைப் பார்த்தால்தான் இடைவெளி தவறாது. ஆறு குதிரைகள் பக்கம்பக்கமாக வந்து, உள்ளோரத்தை மையமாக வைத்து 90 டிகிரி திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு ஒரு மீட்டர் என்று கணக்கிட்டால், உள்ளோரக் குதிரை ஒரு மீட்டருக்கும் குறைவாக நகரும் நேரத்தில் வெளியோரக் குதிரை எட்டரை மீட்டர் கடக்க வேண்டும். அவசரமாக நடப்பதைவிட, பக்கத்துக் குதிரை முந்தும்போதும் நின்ற இடத்திலேயே மெல்ல அடியெடுத்து வைப்பது குதிரைக்குப் பெரிய சோதனை. கூட்டம் நகர்ந்தால் தானும் நகர வேண்டும் என்பது அதன் ரத்தத்தில் இருக்கிறது.

இவ்வளவு செய்தும் பழக்கத்துக்கு ஒரு எல்லை உண்டு. பழகியது அந்தப் பொருளுக்கு, அந்தக் கோணத்தில், அந்த இடத்தில். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளங்குதிரைகளைக் குழந்தைகள் விளையாடும் ஒரு பிளாஸ்டிக் அமைப்புக்கு நன்றாகப் பழக்கினார்கள். பிறகு அதை 90 டிகிரி திருப்பி வைத்தார்கள். குதிரைகள் புதுப்பொருளைக் கண்டதுபோல மிரண்டன. ஒரு கண்ணால் பார்த்தது மறு கண்ணுக்குத் தெரியாது என்று லாயங்களில் சொல்லும் கதை தவறு என்று ஏற்கெனவே நிரூபணமாகிவிட்டது. மூளையின் இரு பாதிகளும் பேசிக்கொள்கின்றன. கோணம் மாறினால் பொருளே வேறாகத் தெரிகிறது, அதுதான் சிக்கல். லண்டன் பிறந்தநாள் அணிவகுப்புக்கு முன் இரண்டு முழு ஒத்திகைகளை அதே மைதானத்தில், அதே உடையில் நடத்துவதன் அருமை இங்கே புரியும்.

2024 ஏப்ரல் 24 காலை அந்த எல்லை தெரிந்துவிட்டது. லண்டன் பெல்கிரேவியா பகுதியில் வழக்கமான நடைப் பயிற்சியில் இருந்த அரச குதிரைப்படைக் குதிரைகளுக்குப் பக்கத்தில், கட்டட வேலையில் உயரத்திலிருந்து பொருள்கள் விழுந்தன. பேண்டும் கூட்டமும் பழகிய குதிரைகள்தான். வீரர்கள் சிலர் கீழே விழ, ஐந்து குதிரைகள் நகருக்குள் ஓடின, வண்டிகளில் மோதின, கிழக்கே பல கிலோமீட்டர் தாண்டி லைம்ஹவுஸ் அருகே பிடிபட்டவையும் உண்டு. விடா, குவேக்கர் என்ற இரண்டுக்குப் பலத்த காயம். ட்ரோஜன், டென்னிசன், வான்குவிஷ் ஆகிய மற்ற மூன்றும் ஏழு வாரம் கழித்து, ஜூன் 15 அன்று, மன்னரின் பிறந்தநாள் அணிவகுப்பில் வரிசைக்குத் திரும்பிவிட்டன.