சீருடையிலிருந்து பேட்ஜைப் பிரிக்காதீர்கள்

பழைய துணிகளையும் காகிதங்களையும் பேணிக் காக்கும் வேலை என்னுடையது. ஒருமுறை ஒரு குடும்பத்தினர் தகர டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார்கள். உள்ளே அவர்களுடைய தாத்தாவின் சாரணர் பேட்ஜுகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் காக்கி நூல் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டை நைந்துவிட்டதாம், பேட்ஜுகளை மட்டும் கத்தரித்துக்கொண்டு அதை எறிந்துவிட்டார்களாம். எனக்கு மனம் கனத்துவிட்டது.

அந்தச் சட்டைதான் ஆவணம். எந்தப் பேட்ஜ் எந்தக் கையில், எதற்கு மேலே இருந்தது என்பதை வைத்து ஒரு சிறுவன் எப்போது அணித் தலைவனானான், முதலில் எதைக் கற்றான் என்றெல்லாம் சொல்லிவிடலாம். தையல்கூடப் பேசும். நேர்த்தியான தையலுக்கு நடுவே கோணல்மாணலாக ஒன்று தெரிந்தால், அது அந்தப் பிள்ளை தானே ஊசி பிடித்துத் தைத்ததாக இருக்கலாம்.

சாரணர் இயக்கம் தொடங்கியபோதே அப்படித்தான். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் 20 சிறுவர்களோடு இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் முகாம் நடத்தினார். காளை, ஓநாய், குர்லூ பறவை, அண்டங்காக்கை என நான்கு அணிகள். தோளில் முடிந்த நூலின் நிறமே அணியின் அடையாளம்: பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு. அந்த நூலைத் தோளிலிருந்து கழற்றினால் வெறும் நூல்தான்.

துடைத்துப் பளபளப்பாக்குவதும் இதே போன்ற இழப்புதான். 1919இல் இங்கிலாந்திலுள்ள சாரணர் பயிற்சி மையமான கில்வெல் பூங்காவில் பயிற்சி முடித்த முதல் சாரணத் தலைவர்களுக்கு, தென்னாப்பிரிக்காவின் சூலு மன்னர் தினுசூலுவுடையது என்று சொல்லப்படும் கழுத்துமாலையின் மரமணிகள் வழங்கப்பட்டன. அவை போதாமல் போகவே பிறகு புதிதாகச் செதுக்கினார்கள். பழையதையும் புதியதையும் பிரித்தறிய எங்களுக்கு உதவுவது மணியின் தேய்மானமும் அழுக்கும்தான். வார்னிஷ் பூசினால் அந்தத் தடயம் மறைந்துவிடும். பித்தளைச் சின்னத்தைப் பாலிஷ் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் எழுத்து கொஞ்சம் கரைகிறது.

சாரணர்களுக்கு உதவியவர்களுக்கு நன்றியாக வழங்கப்பட்ட, ஸ்வஸ்திகா பொறித்த பழைய நன்றிச் சின்னத்தைக் கண்டு பதறிச் சிலர் அதைச் சுரண்டிவிடுகிறார்கள். நாஜிகள் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே, நல்வாழ்த்தின் குறியாக அது பொறிக்கப்பட்டது. 1930களின் நடுவில் பிரிட்டனில் வடிவம் மாற்றப்பட்டது. சுரண்டாமல், இந்த விவரத்தை எழுதிக் கூடவே வையுங்கள்.

நைந்த சட்டையைத் துவைக்கவோ இஸ்திரி போடவோ வேண்டாம். அமிலமற்ற மெல்லிய தாளை மடிப்புகளுக்குள் சுருட்டி வைத்து, வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில் படுக்கைவாட்டில் வையுங்கள். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், அதிலுள்ள அமிலம் துணியைப் பழுப்பாக்கும். பிவிசி பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் பிசுபிசுத்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டு டேப் கூடவே கூடாது. கம்பளியும் ஃபெல்ட்டும் இருந்தால் அந்துப்பூச்சிக்காக மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

சட்டைக்கு உரியவர் உயிரோடு இருந்தால் இன்றே பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொரு பேட்ஜையும் காட்டிக் கேளுங்கள். எந்த முகாம், யார் தைத்தது, யாரிடம் மாற்றிக்கொண்டது என்பதைப் பென்சிலால் ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளையும் அதே பெட்டியில் வையுங்கள்.