டிரெய்லருக்கு அலாய் வீல் வாங்கும் முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

காருக்குப் புது அலாய் வீல் (அலுமினியக் கலவையில் வார்த்த சக்கரம்) வாங்குபவர்கள், கழற்றிய பழையதைப் பயண டிரெய்லருக்குப் போட்டுவிடச் சொல்கிறார்கள். காரைக்குடியில் சக்கர வேலை பார்க்கும் நான் இதற்குச் சம்மதிப்பதே இல்லை. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி என்று ஒரு வீட்டையே இழுத்துச் செல்லும் வண்டிக்குச் சக்கரத்தின் பளபளப்பு போதாது.

காரின் எடையை நான்கு சக்கரங்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஒற்றை அச்சு டிரெய்லரில் இரண்டுதான். சாமான்களுடன் 1,400 கிலோ என்றால் ஒரு சக்கரத்துக்கு 700 கிலோ. அதில் 10 முதல் 15 சதவீதம் கொக்கி வழியாகக் காரின் மேல் இறங்கும். ஆனாலும் அதைக் கழிக்காதீர்கள். வளைவில் ஒரு பக்கமே கூடுதலாகச் சுமக்கும். அலாய் வீலின் பின்பக்கத்தில் அதிகபட்சச் சுமை கிலோவிலோ பவுண்டிலோ பொறிக்கப்பட்டிருக்கும், 2.2 பவுண்டு ஒரு கிலோ. எண் இல்லையென்றால் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் அந்த வீல் வேண்டாம். டயரில் 104 என்ற சுமைக் குறியீடு, அது 900 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கும். ஆனால் வீல் 600 கிலோவுக்கே வார்க்கப்பட்டிருந்தால் அந்த டயரால் பயனில்லை.

எடையை ஊகிக்காதீர்கள். தண்ணீர், எரிவாயு, பாத்திரம் எல்லாம் ஏற்றி எடைமேடையில் நிறுத்துங்கள். 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ. டிரெய்லருக்குள் ஆத்தங்குடிக் கல் பதிக்க ஒரு வாடிக்கையாளர் ஆசைப்பட்டார். ரசனை அருமையானது, ஆனால் அந்தக் கல் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 40 கிலோ இருக்கும். 5 சதுர மீட்டருக்கு 200 கிலோ! கணக்கைக் காட்டியதும் கைவிட்டார்.

போல்ட் துளைகள் பொருந்தினால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. பல கார் வீல்கள் உள்ளே தள்ளி உட்காரும்படி அமைந்தவை. டிரெய்லரில் டயர் உள்பக்கத்து ஸ்பிரிங் பட்டையில் உரசக்கூடும். அதற்காக வீலை வெளியே தள்ளும் இடைத்தகடான ஸ்பேசரைச் செருகாதீர்கள்.

நட்டில்தான் எனக்குக் கவலை அதிகம். அலாய் வீலின் நடுப்பகுதி, டிஸ்க் என்று நாங்கள் சொல்லும் சாதாரண இரும்புச் சக்கரத்தைவிடத் தடிமனானது. இரும்பு டிஸ்க்குக்குப் போதுமாயிருந்த ஸ்டட் (நட் ஏறும் மரைத்தண்டு) இதற்குக் குட்டையாகிவிடலாம். 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர் என்றால், நட் 8 முழுச் சுற்றாவது ஏற வேண்டும். நட்டின் கூம்பும் வீலின் குழியும் ஒரே வடிவில் இருக்க வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரென்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கி, 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். திருச்சிக்குப் போகிறவர்கள் போய்ச் சேர்ந்ததும் இதைச் செய்யலாம்.

ராமேசுவரம், தொண்டி என்று கடலோரம் போகிறவர்களுக்குத் துருப்பிடிக்காத அலாய் வசதியே. ஆனால் வீலின் அலுமினியமும் அது பொருந்தும் அச்சு முனையான இரும்பு ஹப்பும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும். இத்தகைய அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி 1953 முதல் நம் ஊரிலேயே இருக்கிறது. திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அமிலம் கலந்த கழுவு திரவம் வேண்டாம். ஆண்டில் சிலமுறை மட்டும் எடுக்கும் டிரெய்லருக்கு நல்ல இரும்பு டிஸ்க்கே போதும் என்பேன். பள்ளத்தில் இரும்பு நெளியும், அலாய் விரிசல் விடும்.

ஸ்டெப்னி இரும்பு டிஸ்க்காக இருந்தால் அதற்குரிய நட்டுகளைத் தனிப் பையில் போட்டு டிரெய்லரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.