தேய்மானம்: இரும்பு எதை ‘அணியும்’?

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரித்துச் சரிபார்ப்பது பற்றிய ஒரு தமிழ்க் குறிப்பில் “தட்டுகள் அணிந்துள்ளனவா என்று சோதிக்கவும்” என்று இருந்தது. தட்டு எதை அணியும், வேட்டியையா? எந்திர மொழிபெயர்ப்பின் கைவரிசை. ஆங்கிலத்தில் ‘வேர்’ (மரத்து வேர் இல்லை) என்ற ஒரே சொல் உடுத்துவதையும் குறிக்கும், தேய்வதையும் குறிக்கும். பழைய ஆங்கிலத்தில் அதற்கு உடுத்துதல் என்றுதான் பொருள். உடுத்த உடுத்தத் துணி நைந்துபோகும் அல்லவா, அப்படித்தான் புழங்கித் தேய்வதற்கும் அதே சொல் ஒட்டிக்கொண்டது.

தமிழில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. துணி நையும், கயிறு இற்றுப்போகும், இரும்பு தேயும். வருமானம், கட்டுமானம், செரிமானம் போல தேய் என்ற வினையோடு ‘மானம்’ சேர்ந்து தேய்மானம். தேய் பழைய சொல். உட்பகை வந்த குடி ‘அரம்பொருத பொன்போலத் தேயும்’ என்கிறது 888ஆம் குறள். இந்தப் ‘பொன்’னை இரும்பு என்றே சொல்லும் உரைகளும் உண்டு. கியர்பாக்ஸுக்குள் நடப்பதும் உட்பகைதான்: ஆயிலில் கலந்த அதன் சொந்த உலோகத்தூளே புஷ்ஷையும் (தண்டு சுழலும் உலோக வளையம்) வால்வையும் அரம் மாதிரி ராவுகிறது. அதனால்தான் ஆயில் பேனை (அடியில் ஆயில் தேங்கும் தட்டு) கழற்றியதும் உள்ளே இருக்கும் காந்தத்தைப் பார்ப்பார்கள். சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருந்தால் வழக்கமான தேய்மானம், சில்லுசில்லாக இருந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது.

எல்லாவற்றையும் தேய்மானம் என்று எழுதிவிடவும் கூடாது. கிளட்ச் பேக்கில், அதாவது கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டு அடுக்கில், உராய்வுத் தட்டும் ஸ்டீல் தட்டும் மாறிமாறி இருக்கும். உராய்வுத் தட்டின் மேல்பூச்சு மெலிந்திருந்தால் அது தேய்மானம், கறுத்து உரிந்திருந்தால் எரிந்துபோனது. ஸ்டீல் தட்டில் நீலத் திட்டு இருந்தால் சூடு கண்டது. அந்தத் தட்டுகள் உட்காரும் டிரம்மில் நகத்தை ஓட்டும்போது தட்டுப்பட்டால் கோடு விழுந்தது. நடுச் சக்கரத்தைச் சுற்றி ஓடும் கோள் பற்சக்கரங்களுக்குப் பக்கவாட்டில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு, தயாரிப்பாளர் கொடுத்த அளவுக்கு மேல் இடைவெளி வந்தால் பட்டறையில் ‘ஆட்டம் இருக்கு’ என்பார்கள், எனக்குப் பிடித்த சொல் அதுதான். ரப்பர் சீலுக்கு இந்தச் சோதனையே வேண்டாம், பிரித்தால் புதிது போட வேண்டியதுதான்.

அப்புறம் இன்னொரு சிக்கல். கணக்குப்பிள்ளையும் தேய்மானம் என்றே எழுதுகிறார், ஆனால் அவர் சொல்வது சொத்தின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு குறைவதை. ஷெட்டில் சும்மா நிற்கும் லாரிக்கும் அவர் ஏட்டில் தேய்மானம் உண்டு, மெக்கானிக்கின் தேய்மானம் ஓடினால்தான் வரும். வேறுபடுத்தியே ஆகவேண்டும் என்றால் பாகத்துக்குத் ‘தேய்வு’ என்று வைத்துக்கொள்ளலாம், பட்டறையில் பேசும்போது அதற்குத் தேவை வராது. ‘வேர் அண்ட் டேர்’ என்பதை மட்டும் தயவுசெய்து ‘தேய்மானமும் கிழிசலும்’ ஆக்காதீர்கள். ‘புழங்கித் தேய்ந்தது’ போதும்.