பெட்ரோலுக்குத் தவிக்கும் படகு என்ஜின்

மொரீஷியஸின் மாஹேபூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பிரோக் என்னும் சிறு மீன்பிடிப் படகில் 15 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் என்ஜின் மாட்டியிருக்கிறேன். கரையோரம் நன்றாக ஓடுகிறது. பவளத்திட்டின் வாயைத் தாண்டி வேகம் கூட்டினால் சில நிமிடத்தில் 'பட் பட்' என்று சத்தம் போட்டு நின்றுவிடுகிறது. பெட்ரோல் ஹோஸில் உள்ள ரப்பர் பல்பை அமுக்கிவிட்டுக் கயிற்றை இழுத்தால் மறுபடி ஓடுகிறது. ஏன்?"

பல்பை அமுக்கினால் ஓடுகிறதென்றால், என்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பெட்ரோல் குறைந்து காற்று கூடிய கலவை மெதுவாக எரியும். சிலிண்டரின் துளை திறக்கும்போதும் தீ அணைந்திருக்காது. பிஸ்டனுக்குக் கீழே உள்ள க்ராங்க் அறையில் காத்திருக்கும் புதுக் கலவையையும் அது பற்றவைத்துவிடும். கார்புரேட்டர் வழியே 'பட்' என்று கேட்பது அதுதான். இந்தச் சத்தத்தோடு வேகமாக ஓட்டாதீர்கள். டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கு எண்ணெய் பெட்ரோலோடுதான் போகிறது. 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். பிஸ்டன் கீறிப் பிடித்துக்கொள்ளும்.

டேங்க் தாழ்வாகப் படகின் அடியில் இருக்கிறது, கார்புரேட்டர் மேலே. பெட்ரோலை ஏற்றிவிடுவது யார்? இந்த வகை என்ஜினின் பெட்ரோல் பம்புக்கு மோட்டாரும் இல்லை, பல்சக்கரமும் இல்லை. உள்ளே மேளத்தோல் போல இழுத்துக் கட்டிய மெல்லிய டயஃப்ரம் ஒன்று. அதன் ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் க்ராங்க் அறைக்குப் போகும் சிறு துளை. பிஸ்டன் மேலேறும்போது க்ராங்க் அறையில் அழுத்தம் குறையும். டயஃப்ரம் அந்தப் பக்கம் இழுபட, உள்வால்வு திறந்து பெட்ரோல் பம்புக்குள் வரும். பிஸ்டன் இறங்கும்போது அழுத்தம் கூடும். டயஃப்ரம் திரும்பித் தள்ள, உள்வால்வு மூடி வெளிவால்வு திறக்கும். நிமிடத்துக்கு 5000 சுற்றில் இது நொடிக்கு 80 தடவைக்கு மேல் நடக்கிறது. வீணாகப் போகவேண்டிய ஓர் அழுத்தத் துடிப்பைப் பிடித்து வேலை வாங்கியிருக்கிறார்கள். எத்தனை முறை பிரித்துப் பார்த்தாலும் அலுக்காத வடிவமைப்பு இது.

அந்த டயஃப்ரம் விறைத்தாலோ தளர்ந்தாலோ மெதுவான ஓட்டத்துக்குச் சமாளிக்கும், வேகத்துக்குத் தாங்காது. ஊசித்துளை விழுந்தால் வேறொரு கோளாறு: பெட்ரோல் அந்தத் துளை வழியே நேரே க்ராங்க் அறைக்குப் போய்விடும். இரட்டைச் சிலிண்டர் என்ஜினில் இரண்டு பிளக்கையும் கழற்றி அருகருகே வையுங்கள். ஒன்று கறுத்து நனைந்தும் மற்றது உலர்ந்தும் இருந்தால் டயஃப்ரத்தைப் பிரித்துப் பார்த்தே ஆகவேண்டும்.

பம்பைப் பிரிக்குமுன் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பல்பில் உள்ள அம்பு என்ஜினைப் பார்த்திருக்கட்டும். கல்லாக இறுகும்வரை அமுக்குங்கள். பவளத்திட்டுக்கு உட்புறக் கடலான லகூனுக்குள்ளேயே, துணைக்கு ஒருவரோடு ஓட்டிப் பாருங்கள். என்ஜின் தடுமாறும் அந்த நொடியில் பல்ப் எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். சப்பி ஒட்டியிருந்தால் அடைப்பு பல்புக்கு முன்னால், டேங்க் பக்கம்: காற்றுத் திருகு, டேங்க் உள்ளே இருக்கும் சல்லடை, இணைப்பு, உள்சுவர் உரிந்த ஹோஸ். சப்பாமல் தளர்ந்திருந்து, அமுக்கியதும் என்ஜின் உயிர் பெற்றால் பம்ப் பழுது, அல்லது எங்கோ காற்று நுழைகிறது. நடுவில் ஒரு சாண் உள்ளே தெரியும் ஹோஸ் போட்டால் குமிழி காட்டிக்கொடுக்கும். அமுக்கியும் பயனில்லையென்றால் கார்புரேட்டர் ஜெட்டையோ, சூடானதும் தீப்பொறியை நிறுத்தும் காயிலையோ பாருங்கள். குளிரூட்டும் நீர் பின்னால் சீராகப் பீச்சுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

கண்ணேறு பட்டதென்று என்ஜினில் எலுமிச்சம்பழம் கட்டுபவர்கள் உண்டு. நம்பிக்கை அவரவருடையது. ஆனால் பழத்தைக் கட்டிவிட்டுத் திட்டைத் தாண்டி அலைக்குள் போவது உயிரோடு விளையாடுவது. மீனவர் பயிற்சி எங்கே நடந்தாலும் பழைய பம்ப் ஒன்றை ஆளுக்கு ஒருமுறை பிரித்துப் பூட்ட வைக்கவேண்டும் என்பேன்.

பிரிக்கும்போது புகை, நெருப்பு கிட்டே வேண்டாம். தட்டுகள் அடுக்கிய வரிசையைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கேஸ்கெட் மாறினால் பம்ப் இழுக்காது. டயஃப்ரத்தை வெளிச்சத்தில் பிடித்து லேசாக இழுத்தால் துளை தெரியும். புதிதைப் போட்டு, திருகுகளைக் குறுக்குக் குறுக்காகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். புது டயஃப்ரம் போட்டும் பெட்ரோல் ஏறவில்லையென்றால், துடிப்பை அனுப்பும் சிலிண்டரின் கம்ப்ரெஷனையும் க்ராங்க் சீலையும் மெக்கானிக்கிடம் சோதிக்கச் சொல்லுங்கள்.