வலிக்காத வெள்ளைத் திட்டு

“வலியே இல்லையே டாக்டர், அதனாலதான் கண்டுக்கல.” வாய்க்குள் திட்டோடு வருகிறவர்களில் பலர் சொல்வது இதைத்தான். அந்தத் திட்டு உருவாகும் எபிதீலியத் திசுவைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால், வலி இல்லாதது ஏன் நல்ல செய்தி ஆகாது என்பது புரியும்.

தோலின் மேற்பரப்பையும், உடம்புக்குள் இருக்கிற குழாய்கள், பைகள் எல்லாவற்றின் உட்பரப்பையும் மூடியிருப்பது எபிதீலியம். செல்கள் நெருக்கமாக ஒட்டி நிற்கும், அடியில் அடித்தளச் சவ்வு என்று ஒரு மெல்லிய படலம். இரத்தக் குழாய்கள் அந்தச் சவ்வுக்குக் கீழேயே நின்றுவிடும்; ஆக்சிஜனும் சத்தும் அங்கிருந்து ஊறித்தான் மேலே வந்து சேர வேண்டும்.

வேலைக்குத் தகுந்த அமைப்பு இதற்கு. நுரையீரலின் காற்றறைகளில் வாயுக்கள் சட்டென்று கடக்க வேண்டும், அதனால் ஒரே ஒரு தட்டையான அடுக்கு. சிறுகுடலில் சத்தை உறிஞ்ச உயரமான தூண் செல்கள். ஓயாமல் உராய்வு படுகிற வாயிலும் உணவுக்குழாயிலும் பல அடுக்குகள். மேலே இருப்பவை உதிர உதிர அடியில் புதிய செல்கள் பிறந்துகொண்டே இருக்கும். குடலின் உட்படலம் 3 முதல் 5 நாட்களில் புதிதாகிவிடுகிறது!

இப்படி இடைவிடாமல் பிரிகிற செல்கள்மேல் புகையிலை நச்சு வருடக்கணக்கில் படும்போதுதான் சிக்கல். புகைப்பவர்களின் மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் குறுயிழைச் செல்கள் போய், அந்த இடத்தில் தட்டைச் செல்கள் அடுக்காக வந்துவிடும், சளி தேங்கும், இருமல் விடாது. புகையை நிறுத்தினால் இந்த மாற்றம் பெரும்பாலும் பழையபடி திரும்பக்கூடியது, அதனால் தயவுசெய்து நிறுத்துங்கள்.

வாயில் அதே புகையிலை நச்சு படப்பட எபிதீலியம் தடித்து வெள்ளையாகிறது. மேற்பரப்பு கிழியவில்லை, கீழே இருக்கிற நரம்புகள் வெளிப்படவில்லை, அதனால் வலியும் இல்லை. எல்லா வெள்ளைத் திட்டும் புற்றுநோய் ஆகாது, பயப்பட வேண்டாம். துடைத்தால் வந்துவிடுவது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்றுதான். துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டு, அதைவிட முக்கியமாகச் சிவப்புத் திட்டு, 2 வாரத்தில் ஆறாத புண், இவற்றைக் கட்டாயம் காட்ட வேண்டும். கெட்டுப்போன செல்கள் அடித்தளச் சவ்வைத் தாண்டாத வரை அவை இரத்தத்துக்கோ நிணநீருக்கோ போக வழியில்லை, அந்தக் கட்டத்தில் எடுத்துவிட்டால் சிகிச்சை பெரும்பாலும் சின்னதாகவே முடியும். தாண்டிவிட்டால் கழுத்து நிணநீர்க் கணுக்கள் வரை பரவியிருக்குமோ என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் பயாப்ஸி, அதாவது திட்டிலிருந்து துண்டு எடுத்துச் சோதிப்பது. கத்தி பட்டால் பரவிவிடும் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. வாய்ப் புண்ணில் பயாப்ஸி எடுப்பதால் புற்றுநோய் பரவுவதில்லை. மரத்துப்போக ஊசி போட்டுச் சின்னத் துண்டுதான் எடுப்போம். செல்கள் சவ்வைத் தாண்டியிருக்கின்றனவா என்பதை மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் சொல்ல முடியும், வெறுங்கண்ணால் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கண்ணாடி முன்னால் நின்று பார்க்கும்போது நாக்கின் ஓரங்களையும், நாக்கைத் தூக்கி அதன் அடிப்பகுதியையும் விட்டுவிடாதீர்கள், சந்தேகப்பட வேண்டிய திட்டுகள் பல அங்கேதான் இருக்கும்.