ஒரு மாநிலத்தில் பாராமெடிக், அடுத்த மாநிலத்தில் யார்?

பாராமெடிக், அதாவது ஆம்புலன்ஸில் அவசர சிகிச்சை தரும் பணியாளர்களின் தகுதி ஆவணங்களைச் சரிபார்ப்பது என் வேலை. அண்மையில் ஒரு கோப்பு வந்தது. பதினோரு வருட அனுபவம், நல்ல பரிந்துரைக் கடிதங்கள், ஆனால் சான்றிதழில் 'மேம்பட்ட பயிற்சி முடித்தார்' என்று ஒரே ஒரு வரி. எத்தனை மணி நேரம் படித்தார், மூச்சுக்குழாயில் டியூப் போட்டுப் பழகியது நோயாளிக்கா பொம்மைக்கா, எத்தனை முறை, யார் பக்கத்தில் நின்று பார்த்தார்கள், எதுவும் இல்லை. பயிற்சி நிலையத்தையும் மூடிவிட்டார்களாம். அவர் திறமைசாலி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஆனால் தோன்றுவதை வைத்து நான் கையெழுத்துப் போட முடியாது.

பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. சான்றிதழ் வேறு, உரிமம் வேறு. தேர்வில் தேறினீர்கள் என்பதற்குச் சான்றிதழ். இங்கே நோயாளியைத் தொடலாம் என்று அரசு தருவது உரிமம். அமெரிக்காவில் 1970-இல் தொடங்கிய, ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்கான தேசியப் பதிவகத்தின் தேர்வில் தேறியிருந்தாலும், உரிமத்தை மாநிலம்தான் தர வேண்டும். அதனால்தான் மாநிலங்கள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. பத்து மாநிலங்கள் சேர்ந்ததும் 2017-இல் அது உயிர்பெற்றது, 2020-இல் நடைமுறைக்கு வந்தது. உறுப்பு மாநிலத்தில் தடையில்லாத உரிமம் உள்ளவர், பணியின் பேரில் எல்லை தாண்டிப் போய் நோயாளியை ஏற்றி வரலாம். சேராத மாநிலத்தில் இது செல்லாது என்பதை மறந்துவிட வேண்டாம்.

ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. 2018 டிசம்பர் முதல் அங்கே நாடு முழுவதற்கும் ஒரே பதிவு. எனக்கு இதுதான் சரியான வழி என்று படுகிறது. பிரிட்டனிலோ, பதிவு இல்லாதவர் தன்னைப் பாராமெடிக் என்று சொல்லிக்கொள்வதே சட்டப்படி குற்றம்.

இடம் மாறும் எண்ணம் இருக்கிறதோ இல்லையோ, பாடத்திட்டத்தின் நகலையும் மணிக்கணக்கு எழுதிய கடிதத்தையும் நிலையம் திறந்திருக்கும்போதே வாங்கிவிடுங்கள். பயிற்சியில் செய்ததையெல்லாம் குறித்துவைத்த லாக்புக்கைத் தூக்கிப் போடாதீர்கள். அப்புறம், பழைய உரிமத்தைக் காலாவதியாக விடாதீர்கள்; காலாவதியாகிவிட்டால் சில இடங்களில் மறுபடியும் தேர்வு எழுத வேண்டியிருக்கும்.

அந்தக் கோப்புக்காரர் வீட்டில் தேடியதில் லாக்புக்கின் பாதிப் பக்கங்கள் கிடைத்தன. ஈரம் பட்டு மை பரவியிருந்தாலும், உடன் நின்ற மருத்துவரின் கையெழுத்து பதினேழு இடத்தில் தெளிவாகத் தெரிகிறது. அதை வைத்துத்தான் நேரடிச் செய்முறைத் தேர்வுக்கு அவரைப் பரிந்துரைத்திருக்கிறேன்.